தட்டில் வெளுத்த இடம்

என் மாமனார் வீட்டில் யாராவது எதையாவது சரியாகச் செய்துவிட்டால் 'பேஷ்' என்பார்கள். எல்லார் வீட்டிலும் சொல்கிற பேஷ் இல்லை அது. தொண்டையின் அடியிலிருந்து கரகரவென்று இழுத்து, நெஞ்சில் சளி கட்டிய கிழவர் ஒருவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொல்கிற மாதிரி சொல்வார்கள். காபி நன்றாக அமைந்தால் பேஷ். பேத்தி கணக்கில் நல்ல மார்க் வாங்கினால் பேஷ். கேஸ் சிலிண்டர் சொன்ன நாளில் வந்து இறங்கிவிட்டால் அதற்கும் ஒரு பேஷ் உண்டு.

கல்யாணமான புதிதில் விருந்துக்குச் சிதம்பரம் போனபோது, நான் இரண்டாவது முறை மீன்குழம்பு கேட்டதற்கு மாமனார், மச்சான், என் மனைவி எல்லாரும் ஒரே நேரத்தில் அந்தக் குரலில் பேஷ் போட்டார்கள். சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டேன். என்ன குடும்பத்தில் பெண் எடுத்திருக்கிறோம் என்று ஒரு கணம் பயமாகவே இருந்தது. அப்புறம் மனைவிதான் சொன்னாள்: "அது எங்க தாத்தா கொரலுங்க. பிளேட்டுல இருக்காரு."

தாத்தா என்று அவள் சொன்னது மாமனாரின் அப்பாவை. குறிஞ்சிப்பாடிப் பக்கம் நிலம் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்து, ஏர் பிடிக்க மாட்டேன் என்று ஓடிப்போய் ஒரு நாடகக் கம்பெனியில் ஆர்மோனியம் வாசித்தவர். அந்தக் கம்பெனியில் பாடிய அம்மாள் ஒருமுறை சென்னைக்குப் போய் ரிக்கார்டு கொடுத்தார். இவர் கூட வாசித்தார். பாடுகிறவர் ஒரே வரியை விதவிதமாக வளைத்து ஒரு நல்ல சங்கதியைப் போட்டு இறங்கினால், ஆர்மோனியக்காரர் நடுவில் குரல் விட்டு உற்சாகப்படுத்துவது அன்றைய வழக்கம். ரிக்கார்டிலும் அதை விடமாட்டார்கள். இவரும் பாட்டு பாதியைத் தாண்டுகிற இடத்தில் ஒரே ஒரு தடவை பேஷ் என்றிருக்கிறார். பிறகு ஊருக்கு வந்தார், காய்ச்சல் கண்டது, போய்விட்டார். அப்போது என் மாமனார் வயிற்றில் இருந்தார்.

போட்டோ கிடையாது. நாடகக் கம்பெனியும் கலைந்து எங்கோ போனது. என் மாமனாருக்கு அப்பா என்றால் மூன்று நிமிடப் பாட்டில் வருகிற அந்த ஒரு சொல்தான். அவருடைய அம்மா, கைக்குழந்தையாக இருந்த மகனை மடியில் வைத்துக்கொண்டு, தன் அண்ணன் வீட்டுக் கிராமபோனில் அந்த ரிக்கார்டுப் பிளேட்டைப் போடுவாராம். பாட்டு முழுக்க ஓடுகிற வரைக்கும் பிள்ளைக்கு எங்கே பொறுமை? அதனால் ஊசியை எடுத்து எடுத்து அந்த இடத்திலேயே வைப்பாராம். "தோ, ஒங்கப்பா" என்று காட்டுவாராம். பிள்ளை வளர்ந்து தானே ஊசி வைக்கக் கற்றுக்கொண்ட பிறகு அதே வேலையை அதுவும் செய்தது. கிராமபோனுக்கு இரும்பு ஊசி. ஒரு பக்கம் ஓடி முடிந்ததும் மாற்றிவிட வேண்டும். அந்த வீட்டில் ஊசி முறிகிற வரைக்கும் மாற்றியதில்லை.

பிளேட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் நடந்தது தெரியும். சுற்றிலும் நல்ல கறுப்பு. பாதி தாண்டிய இடத்தில் மட்டும் விரற்கடை அகலத்துக்கு வெளுத்துப் போய்ச் சாம்பல் பூத்திருக்கும். அப்பாவைக் கேட்டுக் கேட்டே அப்பா இருந்த இடத்தைச் சுரண்டிவிட்டார்கள். இதை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. மாப்பிள்ளைக்கு வாய் நீளம் என்று ஏற்கெனவே அந்த வீட்டில் ஒரு பெயர் உண்டு.

மாமனார் பஸ்ஸுக்கு பாடி கட்டுகிற பட்டறையில் ஆயுள் முழுக்கத் தகரம் அடித்தவர். காது போகாமல் இருந்தால்தான் ஆச்சரியம். எண்பதைத் தாண்டிய பிறகு மச்சான் கட்டாயப்படுத்திக் காதில் மிஷின் வைத்துவிட்டான். மற்றதெல்லாம் நன்றாகக் கேட்டது. தெருவில் காய்கறிக்காரர் சொல்கிற விலை கேட்டது, மருமகள் முணுமுணுப்பதும் கேட்டது. பிளேட்டுதான் கேட்கவில்லை. வீட்டில் இருந்த பழைய பிளேயரில் அதைப் போட்டால், தட்டின் மேலோடுகிற இரைச்சலை அந்த மிஷின் நூறு மடங்காக்கி உள்ளே கொட்டியது. "தகரக் கொட்டாய்ல மழ பேயுற மாரி இருக்குது, அதுக்குள்ள அப்பா எங்க இருக்காருன்னே தெரியல" என்று மகளிடம் போனில் சொல்லியிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. மாப்பிள்ளையிடம் வேலை சொல்வது அவர் அகராதியில் கிடையாது. மகளிடம் சொன்னால் அது கடலூருக்கு வந்து சேரும் என்று அவருக்குத் தெரியும்.

வந்து சேர்ந்தது. கல்யாண வீடியோ எடிட்டிங்தான் எனக்குப் பிழைப்பு. தவில் சத்தத்துக்கு நடுவில் மணப்பெண்ணின் அப்பா பேசுவதைத் தனியாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறேன். மண்டபத்து ஜெனரேட்டரின் உறுமலை அடக்கியிருக்கிறேன். ஒரு பிளேட்டின் இரைச்சல் எனக்கு எம்மாத்திரம்? பிளேட்டைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மச்சான் பஸ்ஸில் வந்தான். பரங்கிப்பேட்டைப் பிரிவில் பஸ் குலுக்கிய குலுக்கலில் உயிரே போய்விட்டது என்றான்.

அவன் மருந்துக்கடை வைத்திருக்கிறான். வரும்போதே ஒரு பாட்டில் ஸ்பிரிட் கொண்டுவந்திருந்தான். "மாமா, பஞ்சுல தொட்டு ஒரு இழுப்பு இழுத்தா அழுக்கெல்லாம் பூடும். புதுசு மாரி ஆயிடும்" என்று மூடியைத் திறந்தேவிட்டான். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அந்தத் தட்டு அரக்கில் செய்தது. கதவுக்குப் பாலீஷ் போடுகிறவர்கள் அரக்கை எதில் கரைக்கிறார்கள்? ஸ்பிரிட்டில்தான். அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. என்னிடம் இருந்த வேறொரு உடைந்த பிளேட்டின் துண்டில் தேய்த்துக் காட்டினேன். பஞ்சு மையாகக் கறுத்தது, துண்டில் கோடு இருந்த இடம் வழவழவென்று ஆகிவிட்டது. அதைப் பார்த்துவிட்டுப் பாட்டிலை மூடி, பையில் போட்டு, பையை வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தான்.

பேட்டரிக் கடையில் விற்கிற டிஸ்டில்டு வாட்டர் வாங்கினேன். அதில் பாத்திரம் கழுவுகிற சோப்பு இரண்டு சொட்டு. நடுவில் இருக்கும் லேபிள் நனையாமல் மூடிக்கொண்டு, மெல்லிய பிரஷ்ஷால் கோட்டின் போக்கிலேயே சுற்றிச் சுற்றித் தேய்த்தேன். கழுவிய தண்ணீர் பழுப்பாக வந்தது. காயவைத்துப் போட்டதும் இரைச்சலில் கால்வாசி காணாமல் போயிருந்தது. அத்தனை வருஷமாக நாங்கள் கேட்டதில் கால்வாசி சிதம்பரத்துத் தெருப் புழுதி என்று தெரிந்து எனக்குச் சிரிப்பு வந்தது.

அடுத்தது ஊசி. இப்போது கிடைக்கிற பிளேயர்களின் ஊசி பிற்காலத்து வினைல் தட்டுகளுக்கானது, மெல்லியது. அரக்குத் தட்டின் கோடு அகலமான பள்ளம். மெல்லிய ஊசி அதன் அடிவரைக்கும் போய்க் குப்பையில் உரசிக்கொண்டு ஓடும். அகலமான ஊசி வேண்டும் என்று தேடி ஆன்லைனில் வரவழைத்தேன். இன்னொன்றும் செய்தேன். பழைய தட்டில் பாட்டு பக்கவாட்டு நெளிவில் மட்டும்தான் இருக்கிறது. ஊசி மேலும் கீழும் துள்ளுவதில் பாட்டே கிடையாது, எல்லாம் இரைச்சல். பிளேயரிலிருந்து வருகிற இடது, வலது ஒலி இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டால் அந்தத் துள்ளல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கிவிடும். சேர்த்தேன். அடங்கியது. காற்றாடிச் சத்தம் ரிக்கார்டிங்கில் இறங்கிவிடக்கூடாது என்று அதையும் நிறுத்திவிட்டு, கடலூர் வெயிலில் வேர்த்துக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "பாட்டு சுத்தமாவுதோ இல்லியோ, நீங்க ஒரு சுத்து எளச்சிட்டீங்க" என்றாள் மனைவி.

மிச்சத்தைக் கம்ப்யூட்டரில் போட்டேன். இதற்கென்று இருக்கிற சாப்ட்வேர், படபடவென்று வெடிக்கிற இடங்களைத் தேடி எடுத்துவிட்டு அக்கம்பக்கத்து ஒலியை வைத்து ஒட்டுப் போடும். தொடர்ந்து ஓடுகிற இரைச்சலில் ஒரு துணுக்கை மாதிரிக்கு எடுத்து வைத்துக்கொண்டு, அதே மாதிரி எங்கே இருந்தாலும் கழித்துவிடும். வெளுத்த இடத்தில் கரகரப்பு ஜாஸ்தி என்பதால் அங்கே மருந்தையும் ஜாஸ்தியாகவே கொடுத்தேன். முடிந்தபோது அந்த அம்மாளின் குரல் எதிரில் உட்கார்ந்து பாடுகிற மாதிரி இருந்தது. ஆர்மோனியத்தின் துருத்தி மூச்சு விடுவது கூடக் கேட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் சிதம்பரம் போனோம். கூடத்தில் எல்லாரும் கூடிவிட்டார்கள். ஸ்பீக்கரை மேசைமேல் வைத்து, என் வேலையைப் பற்றி ஒரு சின்னச் சொற்பொழிவே ஆற்றிவிட்டுப் பாட்டைப் போட்டேன். மச்சான் வாயைப் பிளந்தான். அவன் மனைவி, "அக்கம்பக்கத்துல யாரோ பாடுறாப்ல இருக்குது" என்றாள். மாமனார் மிஷின் வைத்த காதை ஸ்பீக்கர் பக்கம் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்டார். முடிந்ததும் மறுபடி போடச் சொன்னார். மறுபடியும் கேட்டார். "பாட்டு ரொம்ப நல்லா வந்திருக்குது மாப்ள. ரொம்ப மெனக்கெட்டிருக்கீங்க" என்றார். பேஷ் சொல்லவில்லை. எனக்கு அது உறைத்தது, வயசானவர் மறந்திருப்பார் என்று விட்டுவிட்டேன்.

திரும்பி வரும்போது பஸ் ஆலப்பாக்கம் தாண்டியதும்தான் மனைவி வாயைத் திறந்தாள். "எங்கப்பா சமையக்கட்டுக்கு வந்து எங்கிட்ட மெதுவா கேக்குறாருங்க, பாட்டுல அப்பாவக் காணோமேம்மான்னு. ஒங்ககிட்ட சொல்லாதன்னு சொல்லிட்டாரு."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. எத்தனை நாள் வேலை, எவ்வளவு வேர்வை! காது மந்தமானவருக்குக் கேட்கவில்லை என்றால் அதற்கு நான் என்ன செய்வது? பேஷ் இருந்தது, நானே எத்தனையோ முறை கேட்டேன் என்று பஸ்ஸிலேயே அவளிடம் கத்தினேன். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் காலை முதல் வேலையாக அந்த இடத்தைப் போட்டுப் பார்த்தேன். இல்லை. சங்கதி இறங்குகிறது, ஒரு நொடி வழுக்கிக்கொண்டு போகிறது, அடுத்த அடி வந்துவிடுகிறது. இத்தனை நாளும் நான் பாட்டைக் கேட்கவேயில்லை, இரைச்சலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். தெரிந்த சொல் என்பதால் அந்த இடம் வரும்போது காதே அதை வைத்து நிரப்பிக்கொண்டிருக்கிறது. அந்த சாப்ட்வேரில் ஒரு வசதி உண்டு. எதை எடுத்துப் போட்டதோ அந்தக் கழிவை மட்டும் தனியாகக் கேட்கலாம். போட்டேன். பாட்டு கிடையாது, ஆர்மோனியம் கிடையாது. வெறும் இரைச்சல், படபடப்பு, கீறல். அதற்கு நடுவில் திடீரென்று ஒரு மனிதக் குரல்: பேஷ்!

திடீரென்று வந்து திடீரென்று போகிற எதுவும் அந்த சாப்ட்வேருக்குக் குப்பை. குப்பையோடு குப்பையாக, பிறந்ததிலிருந்து ஒரு மனிதர் வைத்திருந்த ஒரே அப்பாவை நான் கூட்டித் தள்ளியிருக்கிறேன். அதையும் அவர் மாப்பிள்ளை மனசு நோகக்கூடாது என்று வாய்விட்டுச் சொல்லவில்லை.

அந்த இடத்தில் மருந்தைக் குறைத்தால் பேஷ் திரும்பி வரும், கரகரப்பும் கூடவே வரும். அந்தக் கரகரப்பைத்தான் மாமனாரின் காது தாங்கவில்லை. யோசித்துப் பார்த்ததில் ஒன்று தோன்றியது. இரும்பு ஊசி அந்தப் பள்ளத்தின் சுவரைத் தேய்த்திருக்கிறது, சரி. ஆனால் சுவர் முழுக்கவா தேய்த்திருக்கும்? தன் மூக்கு உரசிய உயரத்தில் மட்டும்தானே? அதற்கு மேலே இதுவரை எந்த ஊசியும் தொடாத கொஞ்சம் சுவர் மிச்சம் இருந்தால்? இன்னும் பருமனான, முனை வெட்டிய ஊசி ஒன்று இருக்கிறது. அது பள்ளத்தில் ஆழமாக இறங்காமல் மேல்சுவரில் தொற்றிக்கொண்டு ஓடும். அதற்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். அந்த நாட்களில் என்னோடு யாராலும் பேச முடியவில்லை என்று என் மனைவி இன்றைக்கும் சொல்கிறாள்.

ஊசி வந்தது. பிளேட்டை மறுபடி கழுவி, காற்றாடியை நிறுத்தி, போட்டேன். வெளுத்த இடம் நெருங்கியது. இரைச்சல் போகவில்லை, இருந்தது. ஆனால் அது பாட்டைவிட்டு விலகி, அடுத்த அறையில் குழாய் திறந்திருக்கிற மாதிரி ஓடியது. அம்மாள் சங்கதியை இறக்கினார். யாரோ அவசரமாக மூச்சை இழுக்கிறார்கள். அப்புறம்: பேஷ்!

கரகரப்பு இல்லை. சளி இல்லை. கிழவரும் இல்லை. மீசை அரும்பி ரொம்ப நாள் ஆகாத ஒரு பையனின் குரல், மெல்லிசாக, கொஞ்சம் கீச்சென்று. சரியான இடத்தில் சொல்லிவிட வேண்டுமே என்ற பயமும், சொல்லிவிட்ட சந்தோஷமும் அதில் அப்படியே இருந்தன. அந்த வீட்டில் மூன்று தலைமுறையாகத் தாத்தாவின் குரல் என்று எல்லாரும் தொண்டையைச் செருமிச் சொல்லிக்கொண்டிருந்தது தாத்தாவின் குரலே இல்லை. தேய்ந்த தட்டின் குரல்.

மனைவியைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். "இது எங்க தாத்தா இல்லீங்க" என்றாள் உடனே. இன்னொரு தடவை கேட்டாள். முகம் மாறிவிட்டது. "இத அப்பாகிட்ட காட்ட வேணாம். ஒரு தடவ காணாம அடிச்சது போதாதா? இப்ப போயி, நீங்க நெனச்சிகினு இருந்த ஆளே இவரு இல்லன்னு சொல்லப் போறீங்களா? அந்தக் கொரலத்தானங்க அவரு ஆயுசுக்கும் அப்பான்னு வச்சிருக்காரு."

அவள் சொன்னது நியாயம். இந்தக் குரல்தான் நிஜம் என்பதும் நியாயம். கரகரப்போடு ஒன்று, சுத்தமாக ஒன்று என்று இரண்டையும் எடுத்துக்கொண்டு போவோம், முதலில் பழையதைப் போடுவோம், அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு மற்றதை முடிவு செய்வோம் என்று பேசிக்கொண்டோம்.

இந்த முறை ஸ்பீக்கர் வேண்டாம் என்று, நான் எடிட்டிங்குக்கு வைத்திருக்கும் பெரிய ஹெட்போனைக் கொண்டுபோயிருந்தேன். அதை மாட்டினால் காது மிஷின் தேவையில்லை. மாமனார் மிஷினைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பழையதைப் போட்டேன். அவர் தலையாட்டினார். "தோ, இருக்காரு" என்று சிரித்தார். பிறகு நெற்றியைச் சுருக்கி, "இன்னாமோ எரச்சல்தான் மாப்ள" என்றார். அதற்கு மேல் என்னால் மறைத்து வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. மனைவியைப் பார்த்தேன். அவள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. மற்றதைப் போட்டுவிட்டேன்.

அந்த இடம் வந்தது எனக்குத் தெரிந்தது. அவருடைய கை, நாற்காலியின் பிடியில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது, நின்றுவிட்டது. ஹெட்போனைக் கொஞ்சம் தூக்கி, "யாரு இது?" என்றார்.

"ஒங்கப்பாதான் மாமா" என்றேன். வாயசைப்பைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

"திருப்பிப் போடுங்க."

போட்டேன். இன்னொரு தடவை. இன்னொரு தடவை. அவருடைய அம்மா ஊசியை எடுத்து எடுத்து வைத்தாரே, அந்த வேலையை நான் விரலால் செய்துகொண்டிருந்தேன். இதில் எதுவும் தேயாது. அவர் கண்ணில் தண்ணீர் வந்து கன்னத்துச் சுருக்கத்தில் தேங்கி நின்றது, துடைத்துக்கொள்ளவில்லை. மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சின்னப் புள்ளம்மா" என்றார் அவளிடம். "செத்தப்ப என்னா வயசுன்னு எங்கம்மா சொல்லியிருக்குது. சின்ன வயசுன்னு தெரியும். தெரிஞ்சு என்னா? எனக்கு வயசாவ ஆவ அவருக்கும் ஆயிகினே வந்துச்சு. என்ன விடப் பெரியவராத்தான எப்பவும் வச்சிருந்தேன். இங்க பாத்தா எம் பேரன விடச் சின்னவனா இருக்கானே." பிறகு என்னைப் பார்த்து, "பயந்துகினே சொல்றான் பாத்தீங்களா மாப்ள? சொல்லலாமா, வாணாமான்னு" என்றார்.

ஹெட்போனைச் சரியாக மாட்டிக்கொண்டு, பாட்டை முதலிலிருந்து போடும்படி கையைக் காட்டினார். போட்டேன். கூடத்தில் எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை, அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த அம்மாள் சங்கதி போட்டு இறங்குகிற இடம் நெருங்கியதும் அவர் முன்னால் குனிந்தார், முதல் தடவை மேடையேறிய பிள்ளையை எட்டிப் பார்க்கிற அப்பனைப் போல. பையன் சொல்லி முடித்திருக்க வேண்டும். காதை அடைத்திருந்ததால் தன் சத்தம் எவ்வளவு என்று அவருக்குத் தெரியவில்லை. தெருவுக்கே கேட்கும்படி, அந்த வீட்டின் பழைய கரகரத்த குரலில் சொன்னார்:

"பேஷ்! பேஷ்டா, கண்ணு!"